38-க்குப் பிறகு 53: சராசரிக்குத் திரும்புதல் என்றால் என்ன?

தொடக்கநிலை 5-இல் படிக்கும் ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். கணிதத்தில் வழக்கமாக 50-ஐ ஒட்டி எடுப்பவள். ஒரு தேர்வில் 38 வாங்கிவிட்டாள். வீட்டில் ஒரே கவலை. அந்த வாரமே அம்மா அவளைப் பக்கத்துப் புளோக்கில் இருக்கும் துணைப்பாட நிலையத்தில் சேர்த்துவிடுகிறார். அடுத்த தேர்வில் 53. "பார்த்தீங்களா, டியூஷன் போட்டதும் எப்படி ஏறிடுச்சு!" என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்கிறார். அவர்களில் இருவர் தங்கள் பிள்ளைகளையும் அங்கேயே சேர்க்கிறார்கள்.

அந்த அம்மா சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அவர் கேட்க மறந்த கேள்வி ஒன்று இருக்கிறது. டியூஷனே போடாமல் விட்டிருந்தால் அவள் எவ்வளவு எடுத்திருப்பாள்? வழக்கமாக 50-ஐ ஒட்டி எடுக்கிற பிள்ளை என்று முதலிலேயே சொன்னோம். எதுவுமே செய்யாமல் இருந்திருந்தாலும் 50-ஐ ஒட்டித்தான் வந்திருக்கும். அப்படியானால் அந்த 15 மதிப்பெண் ஏற்றத்தில் டியூஷனின் பங்கு 3 ஆக இருக்கலாம், 0 ஆகவும் இருக்கலாம். இந்த ஒரு தேர்வை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது.

இதற்குப் புள்ளியியலில் சராசரிக்குத் திரும்புதல் என்று பெயர். கணிதம், உளவியல், மருத்துவம், வணிகம், இயற்பியல், வானியல் என்று எந்தத் துறை ஆய்வை எடுத்தாலும் இது எங்காவது ஒளிந்திருக்கும். கவனிக்காத ஆய்வாளர்களின் முடிவுகளைப் பலமுறை கவிழ்த்தும் இருக்கிறது. நம் வீடுகளிலோ ஒவ்வொரு தேர்வு முடிந்த பிறகும் நடக்கிறது. அதனால்தான் இது எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

எதையாவது ஒருமுறை அளந்தால் கிடைக்கும் எண்ணுக்குள் இரண்டு பங்கு கலந்திருக்கும். ஒன்று, நிலையான பங்கு: அந்தப் பிள்ளைக்கு உண்மையிலேயே தெரிந்த கணிதம். மற்றொன்று, அன்றைய நிலவரம்: முந்தைய இரவு தூக்கம் சரியில்லை, படிக்காமல் விட்ட பாடத்திலிருந்தே இரண்டு கேள்விகள், அவசரத்தில் ஒரு கூட்டல் பிழை. மிக மோசமான மதிப்பெண் வந்த நாளில், பெரும்பாலும் அந்த இரண்டாவது பங்கும் மோசமாகத்தான் இருந்திருக்கும். அடுத்த தேர்வுக்கு நிலையான பங்கு அப்படியே கூட வரும். ஆனால் கெட்ட நேரம் அதே அளவில் திரும்ப வரவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அதனால் மதிப்பெண் தானாகவே ஏறும். மிக நல்ல மதிப்பெண்ணுக்கும் இதே கதைதான். அதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் சேர்ந்திருக்கும். அது அடுத்த முறையும் அதே அளவில் வருவதில்லை, மதிப்பெண் இறங்கும்.

நம்பக் கடினமாக இருந்தால், திறமை என்ற பேச்சுக்கே இடமில்லாத ஒன்றைச் செய்து பார்க்கலாம். 40 மாணவர்கள் உள்ள ஒரு வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு நாணயத்தை 10 முறை சுண்டட்டும். 8 முறையோ அதற்கு மேலோ தலை விழுவதற்கான வாய்ப்பு 1,024-இல் 56. அதாவது வகுப்புக்குச் சராசரியாக இரண்டு பேர். 2 அல்லது அதற்குக் கீழே விழுபவர்களும் அதேபோல் இரண்டு பேர். தலை அதிகம் விழுந்தவர்களைக் கைதட்டிப் பாராட்டுங்கள். குறைவாக விழுந்தவர்களைக் கூப்பிட்டுக் கண்டியுங்கள். பிறகு எல்லாரையும் மறுபடி சுண்டச் சொல்லுங்கள். இரு பக்கத்தாரும் பெரும்பாலும் 5-ஐ ஒட்டி வந்து நிற்பார்கள். பாராட்டப்பட்டவர்கள் "கெட்டுப்போனார்கள்", கண்டிக்கப்பட்டவர்கள் "திருந்தினார்கள்" என்று தோன்றும். நாணயத்துக்குப் பாராட்டும் தெரியாது, கண்டிப்பும் தெரியாது.

இதை முதலில் கண்டு கணக்காக எழுதியவர் பிரான்சிஸ் கால்டன், சார்லஸ் டார்வினின் உறவினர். முதலில் பட்டாணிச் செடி வகை ஒன்றின் விதைகளை அளவு வாரியாகப் பிரித்து நண்பர்களிடம் கொடுத்து விதைக்கச் சொன்னார். பெரிய விதைகளிலிருந்து வந்த செடிகளின் விதைகளும் பெரியவையாகத்தான் இருந்தன, ஆனால் தாய் விதைகள் அளவுக்கு இல்லை. பிறகு மனிதர்களிடம் வந்தார். 1886-இல் வெளியிட்ட ஆய்வில் 205 பெற்றோர் இணைகளின் உயரத்தையும், வளர்ந்த அவர்களுடைய பிள்ளைகள் 928 பேரின் உயரத்தையும் ஒப்பிட்டார். பெற்றோர் சராசரியைவிட 3 அங்குலம் உயரம் என்றால், பிள்ளைகள் சராசரியைவிட ஏறக்குறைய 2 அங்குலம்தான் உயரமாக இருந்தார்கள். குட்டையான பெற்றோரின் பிள்ளைகளும் அதே விகிதத்தில் சராசரியை நோக்கி வந்திருந்தார்கள். "உயர்ந்தவர்கள்" மட்டும் பிள்ளை பெற்றுக்கொண்டு மனித இனத்தை மேம்படுத்த வேண்டும் என்கிற இனமேம்பாட்டுவாதம் என்ற கொடிய கருத்துக்கு வித்திட்டவரும் இதே கால்டன்தான். அதைச் சொல்லாமல் அவர் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. ஆனால் இந்தக் கணக்கு சரியானது.

அப்படியானால் தலைமுறை தலைமுறையாக எல்லாரும் ஒரே உயரத்துக்கு வந்துவிடுவோமா? இல்லை. கால்டனின் அட்டவணையைத் தலைகீழாகப் படித்தால் இதற்குப் பதில் இருக்கிறது. மிக உயரமான பிள்ளைகளை மட்டும் தேர்ந்தெடுத்து அவர்களுடைய பெற்றோரைப் பார்த்தால், பெற்றோரும் பிள்ளைகளைவிடச் சராசரிக்கு நெருக்கமாக இருப்பார்கள். பிள்ளையின் உயரம் பின்னோக்கிப் போய்ப் பெற்றோரை மாற்றியிருக்க முடியாது அல்லவா? ஆகவே இது ஏதோ ஒரு சக்தி இழுப்பதால் நடப்பதில்லை. நாம் ஓரத்தில் இருப்பவர்களைப் பொறுக்கி எடுத்ததால் வருகிற விளைவு. சராசரி உயரமுள்ள பெற்றோருக்கும் மிக உயரமான பிள்ளைகள் பிறக்கிறார்கள். அவர்கள் வந்து ஓரத்தை மறுபடி நிரப்பிவிடுவார்கள்.

கணக்கு எளிதுதான். வகுப்புச் சராசரி 60 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு தேர்வுகளிலும் மதிப்பெண்கள் ஒரே அளவுக்குப் பரவியிருக்கின்றன. இரண்டுக்கும் இடையிலான ஒட்டுறவு 0.7. ஒட்டுறவு 1 என்றால் முதல் தேர்வைத் தெரிந்தால் இரண்டாவதும் அப்படியே தெரிந்துவிடும். 0 என்றால் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை, நாணயத்தைப்போல. முதல் தேர்வில் 90 எடுத்தவர் சராசரியைவிட 30 மேலே. அடுத்த தேர்வில் அவருக்கு எதிர்பார்க்க வேண்டியது 60-உடன் 30-இன் 0.7 பங்கு, அதாவது 81. அதே வகுப்பில் 30 எடுத்தவருக்கு எதிர்பார்க்க வேண்டியது 39. ஒருவர் 9 இறங்கினார், மற்றவர் 9 ஏறினார். இருவரின் திறமையும் மாறவே இல்லை. தேர்வு சிறியதாக இருந்தால் அன்றைய நிலவரத்தின் பங்கு கூடும், ஒட்டுறவு குறையும், ஏற்ற இறக்கம் இன்னும் பெரிதாகத் தெரியும். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 2023-க்குள் அரையாண்டுத் தேர்வுகளை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளின் சுமை குறைந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் இப்போது பெற்றோர் கையில் இருப்பவை பெரும்பாலும் சிறிய தேர்வுகளின் மதிப்பெண்கள். ஒரே ஒரு சிறிய தேர்வைப் பார்த்து முடிவெடுத்தால் ஏமாறும் வாய்ப்பும் அதிகம்.

இங்கே ஒரு குழப்பம் வரும், தெளிவாக்கிவிடலாம். "ரொம்ப நாளா வராத நம்பர், இந்த வாரம் கண்டிப்பா வரும்" என்று ஃபோர்டி (4D, நான்கிலக்க எண் லாட்டரி) கடையில் சொல்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அது சராசரிக்குத் திரும்புதல் இல்லை, வெறும் தவறான நம்பிக்கை. 0000 முதல் 9999 வரை ஒவ்வோர் எண்ணுக்கும் ஒவ்வொரு குலுக்கலிலும் ஒரே வாய்ப்புதான். போன மாதம் வந்ததா வரவில்லையா என்பது குலுக்கலுக்குத் தெரியாது. 10 முறை சுண்டியதில் 9 தலை விழுந்தவருக்கு அடுத்த 10-இல் எதிர்பார்க்க வேண்டியது 5 தலை. முன்பு கூடியதை ஈடுகட்ட 1 தலை விழும் என்று எதிர்பார்ப்பதுதான் பிழை. முன்பு கிடைத்த அதிர்ஷ்டத்தை யாரும் திருப்பிப் பிடுங்கிக்கொள்வதில்லை. அது தொடராது, அவ்வளவுதான்.

இனி எனக்கு மிக முக்கியமாகப் படும் இடத்துக்கு வருகிறேன். டேனியல் கானமன் என்ற உளவியலாளர் பிற்காலத்தில், 2002-இல், பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன், இஸ்ரேல் விமானப் படையில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பயிற்றுநர்களுக்கு உளவியல் சொல்லிக்கொடுத்தார். தவறுக்குத் தண்டிப்பதைவிட, நன்றாகச் செய்யும்போது பாராட்டுவதே கற்றலுக்கு உதவும் என்று அவர் சொன்னதும் அனுபவமுள்ள ஒரு பயிற்றுநர் எழுந்து மறுத்தார். "அருமையாக ஓட்டியவனைப் பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறான். மோசமாக ஓட்டியவனைக் கத்தித் தீர்த்தால் அடுத்த முறை நன்றாக ஓட்டுகிறான்" என்பது அவருடைய வாதம். அவர் பார்த்தது பொய் இல்லை. ஆனால் காரணம் வேறு. மிக அருமையாக ஓட்டிய நாளுக்கு அடுத்த நாள், பாராட்டினாலும் பாராட்டாவிட்டாலும் கொஞ்சம் இறங்கும். மிக மோசமான நாளுக்கு அடுத்த நாள், கத்தினாலும் கத்தாவிட்டாலும் கொஞ்சம் ஏறும். கானமன் தரையில் ஒரு குறியை வரைந்தார். அதற்கு முதுகைக் காட்டி நின்று ஆளுக்கு இரண்டு நாணயங்களை எறியச் சொன்னார். முதல் எறிதலில் நெருங்கியவர்கள் இரண்டாவதில் பெரும்பாலும் விலகினார்கள். விலகியவர்கள் நெருங்கினார்கள். அங்கே யாரும் யாரையும் திட்டவில்லை.

இதை நம் வீட்டுக்குக் கொண்டுவந்து பாருங்கள். பிள்ளை 38 எடுக்கும்போது திட்டுகிறோம், அடுத்த முறை ஏறுகிறது. 92 எடுக்கும்போது பாராட்டிக் கைபேசி வாங்கித் தருகிறோம், அடுத்த முறை 80-க்கு இறங்குகிறது. "செல்லம் கொடுத்தா கெட்டுடும், நாலு போட்டாத்தான் படிக்கும்" என்று நம் கண்முன்னாலேயே நிரூபணம் ஆனதுபோல் இருக்கிறது. எத்தனையோ அப்பாக்களும் அம்மாக்களும் ஆசிரியர்களும் இந்த முடிவுக்கு வந்தது கெட்ட மனத்தால் அல்ல. உலகம் அவர்களுக்கு அப்படித்தான் காட்டியது. திட்டியவருக்கு முன்னேற்றத்தைக் கொடுத்தது, பாராட்டியவருக்கு ஏமாற்றத்தைக் கொடுத்தது. நடுவில் அடிபட்டது அந்தப் பிள்ளை. ஒரு சாதாரணப் புள்ளியியல் விளைவு தலைமுறைகளாகப் பிள்ளைகளின் முதுகில் விழுந்துகொண்டிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே ஆற்றாமையாக இருக்கிறது.

உடல்நலத்தில் இது வேறு வேடத்தில் வரும். முதுகுவலிக்கு நாம் எப்போது மருந்து தேடுகிறோம்? வலி உச்சத்தில் இருக்கும்போது. ஏறி இறங்கும் தன்மையுள்ள வலி உச்சத்துக்குப் பிறகு இறங்கத்தான் செய்யும். அந்த நேரத்தில் எதைச் செய்திருந்தாலும், தைலமோ புதிய மாத்திரையோ பக்கத்து வீட்டு ஆச்சி சொன்ன கஷாயமோ, அதற்கே பெயர் போகும். மருந்து என்ற பெயரில் வெறும் மாவு மாத்திரை கொடுத்தாலும் பலருக்குக் குணமாகிறது என்று நெடுங்காலமாகச் சொல்லி வந்தார்கள். 2001-இல் டென்மார்க்கைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் அதைச் சோதித்தார்கள். போலி மருந்து கொடுக்கப்பட்டவர்களையும், எதுவுமே கொடுக்கப்படாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளை மட்டும் திரட்டிப் பார்த்தார்கள். வலி போன்ற, நோயாளியே சொல்லித் தெரியவேண்டியவற்றில் ஓரளவு வேறுபாடு இருந்தது. மற்றவற்றில் பெரிதாக எதுவும் இல்லை. போலி மருந்தின் மகிமை என்று நினைத்ததில் ஒரு பகுதி, நோய் தானாகத் தணிந்ததுதான். ரத்த அழுத்தமும் அப்படியே. பலதுறை மருந்தகத்தில் ஒருமுறை கூடுதலாகக் காட்டினால் உடனே முடிவு கட்டாமல் மறுபடியும் வேறொரு நாளும் அளந்து பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வணிகத்தில் நடந்த கதை கொஞ்சம் பரிதாபமானது. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹோரஸ் செக்ரிஸ்ட் பல ஆண்டு உழைத்து, எத்தனையோ வகைக் கடைகள், நிறுவனங்களின் கணக்குகளைத் திரட்டி 1933-இல் ஒரு தடித்த நூலை வெளியிட்டார். தொடக்கத்தில் மிகச் சிறப்பாக நடந்த நிறுவனங்கள் பின்னர் நடுத்தரத்துக்கு இறங்கின, மோசமாக நடந்தவை நடுத்தரத்துக்கு ஏறின. போட்டி எல்லாரையும் நடுத்தரமாக்குகிறது என்பது அவருடைய முடிவு. புள்ளியியலாளர் ஹெரால்டு ஹோட்டலிங் அந்த நூலைப் படித்துவிட்டு உடைத்துச் சொன்னார்: கடைசி ஆண்டில் சிறந்தவற்றைத் தேர்ந்தெடுத்துப் பின்னோக்கிப் பார்த்தால் இதே சித்திரம் தலைகீழாக வரும். கணக்கிலேயே இருப்பதைப் பாடுபட்டுக் காட்டுவது, யானைகளை வரிசை வரிசையாக நிறுத்திப் பெருக்கல் வாய்ப்பாட்டை நிரூபித்ததுபோல்தான் என்றும் எழுதினார். இன்றைக்கும் போன காலாண்டில் முதலிடம் பிடித்த விற்பனையாளரைப் பற்றியும், சென்ற ஆண்டு அதிக இலாபம் தந்த முதலீட்டு நிதியைப் பற்றியும் பேசும்போது இதே பிழை தொடர்கிறது.

இயற்பியலில் 2015 டிசம்பரில் பெரும் பரபரப்பு. ஜெனிவா அருகே உள்ள, அணுவினும் சிறிய துகள்களை மோதவிட்டு ஆராயும் மாபெரும் ஹாட்ரான் மோதுகருவியின் தரவுகளை வரைபடமாக்கியபோது, 750 கிகா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் எதிர்பாராத ஒரு மேடு தெரிந்தது. இரண்டு தனித்தனி ஆய்வுக் குழுக்களும் அதைப் பார்த்தன. புதிய துகளாக இருக்கலாம் என்று கோட்பாட்டாளர்கள் நூற்றுக்கணக்கில் கட்டுரைகள் எழுதினார்கள். 2016 ஆகஸ்டில் இன்னும் பல மடங்கு தரவு சேர்ந்ததும் மேடு மறைந்துவிட்டது. ஆயிரம் இடங்களில் தேடினால் ஏதோ ஓரிடத்தில் தற்செயலாக ஒரு மேடு வரும். கண்ணில் படுவதும் அந்த இடம்தான். வானியலில் ஆர்தர் எடிங்டன் 1913-லேயே விண்மீன்களை எண்ணும்போது வரும் இதுபோன்ற பிழைக்குத் திருத்தம் சொன்னார். தொலைநோக்கியால் எட்டிப்பிடிக்கக்கூடிய விளிம்பில் இருக்கும் விண்மீன்களில், அளவீட்டுப் பிழையால் சற்றுக் கூடுதல் ஒளியோடு தெரிந்தவைதான் பட்டியலில் அதிகம் நுழைகின்றன. மறுபடி கவனமாக அளந்தால் அவற்றில் பல மங்கலாகத் தெரியும்.

உளவியல் ஆய்வுகளையே ஆய்வாளர்கள் இந்தக் கண்ணோடு பார்த்தார்கள். ஏற்கெனவே வெளிவந்த 100 ஆய்வுகளை அப்படியே திரும்பச் செய்து, முடிவை 2015-இல் வெளியிட்டார்கள். முதலில் அவற்றில் 97 விழுக்காடு புள்ளியியல்படி குறிப்பிடத்தக்க, அதாவது வெறும் தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாத, முடிவைக் கொடுத்திருந்தன. திரும்பச் செய்தபோது 36 விழுக்காடுதான் கொடுத்தன. கண்டறியப்பட்ட விளைவுகளின் அளவும் சராசரியாகப் பாதிக்குக் குறைந்தது. பளிச்சென்று வந்த முடிவுகளே பெரும்பாலும் அச்சேறுவதும் இதற்கு ஒரு காரணம். ஆய்விதழ் என்ற வடிகட்டியும் ஓரத்தில் இருப்பவற்றைத்தான் பொறுக்குகிறது.

சரி, அப்படியென்றால் எந்த மருந்தும் வேலை செய்யாதா, எந்த ஆசிரியரும் உதவுவதில்லையா? அப்படி இல்லவே இல்லை. உண்மையான விளைவைப் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது: அதே நிலையில் உள்ள, ஆனால் மருந்து கொடுக்கப்படாத இன்னொரு கூட்டத்தைப் பக்கத்தில் வைப்பது. பிரிட்டனில் காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைச் சோதித்த ஆய்வு 1948-இல் வெளிவந்தது. யாருக்கு மருந்து என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். ஆறு மாதத்தில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தார்கள். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர். கவனிக்க வேண்டியது, ஓய்வு மட்டும் பெற்றவர்களிலும் 4 பேருக்கு நல்ல முன்னேற்றம் இருந்தது. அந்த நால்வருக்கு மருந்து கொடுத்திருந்தால் மருந்தைத்தான் புகழ்ந்திருப்போம். இரு கூட்டத்துக்கும் சராசரிக்குத் திரும்புதல் ஒரே அளவில் நடக்கும் என்பதால், மிஞ்சும் வேறுபாடு மருந்துடையது.

நம் ஊரிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. டெங்கி அதிகமாகப் பரவும் வட்டாரத்தில் ஏதாவது நடவடிக்கை எடுத்தால், சில வாரங்களில் எண்ணிக்கை எப்படியும் இறங்கும். உச்சத்தில் இருந்ததால்தானே அங்கே போனோம். 2016-இல் தேசியச் சுற்றுப்புற வாரியம் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா உள்ள ஆண் கொசுக்களைத் தெம்பனிஸ் வெஸ்ட், நீ சூன் ஈஸ்ட், பிராடல் ஹைட்ஸ் பகுதிகளில் விட்டுப் பார்க்கத் தொடங்கியது. ஆண் கொசு கடிக்காது. அதோடு இணையும் பெண் கொசு இடும் முட்டைகள் பொரிக்காது. கொசு விடப்பட்ட இடத்தில் எண்ணிக்கை குறைந்தது என்பதோடு நிறுத்தாமல், விடப்படாத, அதேபோன்ற பகுதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அந்த ஒப்பீடு இருப்பதால்தான் அந்தத் திட்டத்தின் முடிவை நான் நம்புகிறேன்.

வீட்டில் யாரும் பிள்ளையை இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்கு டியூஷன் போட்டு இன்னொன்றைச் சும்மா விட முடியாது. ஆனால் செய்யக்கூடியவை உண்டு. ஒரே தேர்வைப் பார்க்காமல் கடைசி நான்கைந்து தேர்வுகளின் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதை வகுப்புச் சராசரியோடும் சேர்த்துப் பாருங்கள், தேர்வு எளிதாக இருந்து எல்லாருக்குமே ஏறியிருக்கலாம். டியூஷன் தொடங்கிய பிறகு வரும் முதல் தேர்வை மட்டும் வைத்து நல்லது கெட்டது சொல்ல வேண்டாம். "எங்களிடம் சேர்ந்த பிள்ளைகளுக்கு இத்தனை மதிப்பெண் கூடியது" என்று ஒரு நிலையம் சொன்னால், அவர்கள் எந்த நிலையில் வந்து சேர்ந்தார்கள், அதே மதிப்பெண்ணோடு சேராமல் இருந்த பிள்ளைகளுக்கு எவ்வளவு கூடியது என்று கேளுங்கள். அப்புறம், 38 என்று எழுதிய தாளோடு பிள்ளை வந்து நிற்கும்போது, எந்தக் கணக்கு வரவில்லை என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அடுத்த தேர்வில் மதிப்பெண் எப்படியும் கொஞ்சம் ஏறும். அதற்காகத் திட்டத் தேவையில்லை.